சீகுங் செய்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: வயது 63. சிங்கப்பூரில் இருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்குக் காலையில் அம்லோடிபின் 5 மி.கி., புராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின் 0.4 மி.கி. எடுக்கிறேன். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் சீன முதியவர்கள் காலையில் செய்யும் ‘பா துவான் ஜின்’ (மூச்சோடு சேர்த்துச் செய்யும் எட்டு அசைவு சீகுங்) பயிற்சியில் சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. மனசு லேசாக இருக்கிறது. ஆனால் குனிந்து நிமிரும்போது தலை சுற்றுகிறது, விரல் நுனிகள் விறுவிறுக்கின்றன. “உடம்பில் ‘சீ’ என்கிற உயிர்ச்சக்தி ஓடுகிறது, நல்லதுதான். மூன்று மாதத்தில் மாத்திரையே வேண்டியிருக்காது” என்கிறார் கூடச் செய்பவர். நம்பலாமா?

பதில்: பயிற்சியை விடாதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள். எட்டு அசைவுகளில் ஆறாவதை நின்று செய்வதை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

ஆறாவதில் கைகளை இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாக இறக்கிப் பாதத்தைத் தொடுகிறீர்கள். அப்போது தலை இதயத்துக்குக் கீழே போகிறது. பிறகு கையை முன்னால் நீட்டி நிமிர்கிறீர்கள். நிமிரும்போது ரத்தம் காலில் தேங்காமலிருக்க ரத்தக் குழாய்கள் உடனே சுருங்க வேண்டும். அம்லோடிபின் குழாய்களைத் தளர்த்தி வைக்கிறது. டாம்சுலோசினோ, ‘சுருங்கு’ என்று நரம்பு சொல்வதையே ஓரளவு தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி குறைந்து தலை சுற்றும். விடிகாலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நின்றால் இன்னும் மோசம். இதை அப்படியே ஆறு முறை செய்கிறீர்கள்!

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி அளக்கவும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவது அவர்கள் வேலை. அதுவரை ஆறாவதை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம்: உள்ளங்கைகளை முழங்கால்வரை மட்டும் இறக்கி, தலை கடைசியில் வரும்படி மெதுவாக நிமிருங்கள்.

விரல் விறுவிறுப்புக்கு வருவோம். கை கதகதப்பாவது ரத்த ஓட்டத்தால், அதில் பயமில்லை. விறுவிறுப்பு வேறு. பயிற்சியின்போது மட்டும் விரலிலும் உதட்டைச் சுற்றியும் வந்தால், பெரும்பாலும் தேவைக்கு மேல் மூச்சு இழுப்பதுதான் காரணம். ஆழமாக அடுத்தடுத்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து நரம்புகள் சிலிர்க்கும், தலையும் கிறுகிறுக்கும். கை ஏறும்போது மூக்கால் இயல்பாக உள்ளே, இறங்கும்போது வெளியே, அவ்வளவு போதும். உச்சியில் மூச்சை அடக்காதீர்கள். மற்ற நேரத்திலும் விறுவிறுத்தால் சர்க்கரையும் பி12 அளவும் பார்க்க வேண்டும். அதைச் ‘சீ’ கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

முழங்காலை அதிகம் சோதிப்பவை இரண்டாவதும் (வில் இழுப்பது) ஐந்தாவதும் (தலையையும் இடுப்பையும் சுழற்றுவது). இரண்டிலும் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி கால் அகட்டி நிற்க வேண்டும். பக்கத்தில் எழுபது வயதுப் பாட்டி தாழ உட்காருகிறார் என்று நீங்களும் இறங்காதீர்கள். வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கட்டும். அது உள்ளே சாய்ந்தால்தான் மறுநாள் வீங்குகிறது. ஐந்தாவதில் இடுப்பு சுழல வேண்டும். பலர் இடுப்பை இறுக்கி வைத்துக்கொண்டு முழங்காலைத் திருகுகிறார்கள். கழுத்தைப் பின்னால் முழுவதும் மடக்குவதையும் விடுங்கள்.

ஏழாவதில் முஷ்டியை இறுக்கி, கண்ணை உருட்டிக் குத்தும்போது பலர் தங்களை அறியாமல் மூச்சடக்குவார்கள். அழுத்தம் அந்த நொடியில் ஏறும். குத்தும்போது மூச்சை வெளியே விடுங்கள். எட்டாவதில் ஏழுமுறை குதிகால் தூக்கி இறக்குகிறீர்கள். அது சிமெண்டுத் தரை, காலணி போட்டுக்கொண்டு மெதுவாக இறக்குங்கள். மற்ற மூன்றில் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

மாத்திரை விஷயம். சீனாவின் பழைய உடற்பயிற்சி மரபு இது, சோங் காலத்திலேயே இப்பெயர் பதிவாகியிருக்கிறது. பழமை என்பதற்காக அல்ல, பலன் தெரிவதற்காகவே நான் ஆதரிக்கிறேன். இதன் உறவுப் பயிற்சியான தாய்ச்சியைப் பற்றி 2024இல் பெய்ஜிங் ஆய்வொன்று வெளியானது. 342 பேர், ஓராண்டு, வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். தாய்ச்சி செய்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 குறைந்தது, ஓட்டம், சைக்கிள் போன்றவற்றைச் செய்தவர்களுக்கு 4.6. நல்ல செய்திதான். ஆனால் அவர்களுக்கு அழுத்தம் சற்றே ஏறியிருந்தது, மாத்திரை எடுக்கும் நிலைக்கு வரவில்லை. உங்கள் நிலை வேறு.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. அம்லோடிபின் உடலை விட்டு மெல்லத்தான் வெளியேறும். நிறுத்திய முதல் சில நாள் அளவு நன்றாகவே இருக்கும், ‘பயிற்சியிலேயே சரியாகிவிட்டது’ என்று தோன்றும். அடுத்த வாரம் ஏறும், அப்போது யாரும் அளந்து பார்ப்பதில்லை. இரண்டு மாதம் பயிற்சி செய்து, தினமும் காலையில் பயிற்சிக்கு முன் அளந்து குறித்துவாருங்கள். எண்கள் தொடர்ந்து இறங்கியிருந்தால் மருத்துவரே மருந்தைக் குறைக்கலாம்.

பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் வந்தால் உட்கார்ந்து 995ஐ அழையுங்கள். வெறும் கிறுகிறுப்பு என்றால் காலை உயர்த்திப் படுத்து, தெளிந்ததும் தண்ணீர் குடியுங்கள், அன்றைக்குப் பயிற்சி போதும்.