உற்சாகம் வரும்வரை காத்திருக்கலாமா?

அன்புள்ள ஐயா,

ஆராதனையில் காணிக்கைப் பை என் வரிசைக்கு வரும்போதெல்லாம் உள்ளுக்குள் ஓர் எரிச்சல் எழுகிறது. கொடுக்காமல் இருப்பதில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்றுதான் பல நேரம் கை பைக்குள் போகிறது. ‘உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்’ என்று வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். அப்படியானால் நான் கொடுப்பது பாசாங்குதானே? மனதார வரும்வரை நிறுத்திவைத்தால் என்ன? இன்னும் இரண்டு சந்தேகங்கள்: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை வரி பிடிப்பதற்கு முன் கணக்கிட வேண்டுமா, பிடித்த பின்பா? ஏழைகளுக்கு நேரடியாகக் கொடுப்பது காணிக்கையில் சேருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வரிக்கு முன்பா பின்பா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், என்னை விடுங்கள். ஏழைக்குக் கொடுப்பது சேருமா என்றால், உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் பாருங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகம், சொந்த நிலமில்லாத ஆலய ஊழியனான லேவியனுக்கும், பரதேசிக்கும், அதாவது வெளியூரிலிருந்து வந்து தங்கியவனுக்கும், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று இருக்கிறது. சேரும்.

உங்கள் முதல் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், 8, 9 அதிகாரங்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் அதில் ஒரு வரியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள்.

அந்த வரி யாருக்கு எழுதப்பட்டது? எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் ஊர் ஊராகச் சபைகளிடம் பணம் திரட்டுகிறார். கொரிந்து சபை ஒரு வருடம் முன்பே ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்லியிருந்தது. அவர்கள் காட்டிய ஆர்வத்தைப் பவுலே வடக்கே இருந்த மக்கெதோனியாவில் போய்ப் பெருமையாகப் பேசினார். கேட்ட மக்கெதோனியர், கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள், எங்கள் பங்கையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கெஞ்சினார்கள். கொரிந்தில் மட்டும் வேலை பாதியில் நின்றது. மக்கெதோனியர் யாராவது என்னோடு வந்து, நீங்கள் ஆயத்தமாக இல்லாததைப் பார்த்தால் எனக்கு வெட்கமாகிவிடும் என்று எழுதி, தன் உடன் ஊழியனான தீத்துவையும் வேறு சகோதரரையும் முன்கூட்டியே அனுப்பிவைக்கிறார். உங்களுக்குப் பிடித்த அந்த வசனம் இதற்குப் பிறகு வருகிறது.

ஆக, கொரிந்தியரிடம் உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. பணம்தான் வரவில்லை. உங்களிடம் பணம் வருகிறது, உற்சாகம் வரவில்லை. எருசலேமில் பசியோடு இருந்தவனிடம் இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

சிறுவனாக இருந்தபோது, ஆராதனை முடிந்ததும் சபைப் பொருளாளராக இருந்த என் சித்தப்பாவோடு உட்கார்ந்து காணிக்கை எண்ணியிருக்கிறேன். மேஜை மேல் பையைக் கவிழ்ப்பார்கள். தபால்தலை அளவுக்கு மடித்த நோட்டுகள் விழும். சிறிய நோட்டைக் கொடுத்தவர் வெட்கப்பட்டு மடித்தாரா, பெரிய நோட்டைக் கொடுத்தவர் இடது கைக்குத் தெரியாமல் மடித்தாரா, பார்த்தால் தெரியாது. சித்தப்பா ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நீவி நீவி விரிப்பார். காணிக்கை உறைகளைப் பெயர் தெரியாதபடி குப்புற அடுக்குவார். “இதை யாரு சித்தப்பா இப்படி மடிச்சது?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “பிரிச்சு அடுக்கு. மடிச்ச ஆளைப் பத்தி உனக்கென்ன?” என்றார். முணுமுணுத்துக்கொண்டு போட்ட நோட்டும் பாடிக்கொண்டே போட்ட நோட்டும் ஒரே நோட்டுக் கட்டுக்குள்தான் இருந்தன. கணக்கை அவர் தனியாக முடித்ததில்லை. கூட ஒருவர் உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். பவுலும் இந்த விஷயத்தில் கறார்தான். யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்லக்கூடாது என்றுதான், சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனை இந்தப் பணத்துக்காகத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

அப்படியானால் மனம் முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். ஆனால் உங்கள் மனதை நீங்கள் தப்பான நேரத்தில் தேடுகிறீர்கள். பை கைக்கு வரும் அந்த நாலு நொடியில் எவனுக்கு உற்சாகம் வரும்? பாட்டு ஓடுகிறது, பக்கத்து ஆள் பார்க்கிறார், கை பர்ஸுக்குள் சில்லறையைத் துழாவுகிறது. எரிச்சல் வராவிட்டால்தான் அதிசயம். நீங்கள் காட்டிய வசனத்துக்கு ஒரு முன்பாதி உண்டு: ‘அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்.’ முதலில் முடிவு, அப்புறம்தான் கொடுப்பது. முதலாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இதற்கு வழியும் சொல்கிறார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துத் தனியாக வையுங்கள். நான் வந்த பிறகு வசூல் வேண்டாம் என்கிறார். கவனியுங்கள், பணம் கேட்கிற ஆளே தான் இல்லாத நேரத்தில் முடிவெடுக்கச் சொல்கிறார். தன் முகத்துக்காக யாரும் கொடுத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. பக்கத்து இருக்கைக்காரருக்காகக் கொடுக்கிற நீங்கள் இந்த இடத்தை நாலு தடவை படிக்க வேண்டும்.

கட்டாயம் எல்லாம் பிறகு வந்தது. கி.பி. 200-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துலியன், மாதம் ஒருமுறை, விருப்பமும் வசதியும் இருந்தால் மட்டுமே கொடுக்கிறோம், யாரையும் வற்புறுத்துவதில்லை என்கிறார். ஏழைகளை அடக்கம் செய்யவும், அநாதைப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கப்பலுடைந்து தவிப்பவர்களுக்கும் அந்தப் பணம் போனதாகப் பட்டியலும் தருகிறார். 585-இல் பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள்தான் தசமபாகம் தராதவனைச் சபைக்கு வெளியே தள்ளலாம் என்றார்கள். அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் அது வரிபோல வசூலானது. தசமபாகம் தராதது தேவனையே வஞ்சிப்பது என்ற மல்கியா தீர்க்கதரிசியின் வசனத்தைக் காட்டி இன்றும் மேடையில் நின்று மிரட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வழிபாட்டுக்காகச் செய்த ஆசரிப்புக் கூடார வேலைக்கு ஜனங்கள் அளவுக்கு மேல் கொண்டுவந்தபோது, இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் சொன்னார். எந்த மேடையிலாவது அந்த அறிவிப்பைக் கேட்டிருக்கிறீர்களா?

பாசாங்கு என்று உங்களையே திட்டிக்கொள்வதையும் நிறுத்துங்கள். பாசாங்கு செய்தவன், ஆதிச் சபையில் நிலத்தை விற்றுக் காணிக்கை கொண்டுவந்த அனனியா. நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பணமும் உன் கையில்தானே இருந்தது என்று பேதுரு அவனிடம் கேட்கிறார். கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டான், அதுதான் அவன் குற்றம். நீங்கள் எரிச்சலை எரிச்சல் என்றே எழுதுகிற ஆள். அவனோடு உங்களை ஏன் சேர்த்துக்கொள்கிறீர்கள், அம்மா?

சரி, நிறுத்திவைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சம்பளம் வந்த அன்றைக்கே, வீட்டில், யாரும் பார்க்காதபோது தொகையை முடிவுசெய்து உறையில் போட்டு மூடிவிடுங்கள். பெயர் எழுதாதீர்கள். அப்புறம் உங்கள் சபையின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று தெரிந்தால் பை வரும்போது முகம் சுளிக்காது. கணக்கு காட்ட மறுத்தால், நிறுத்துவதைப் பற்றி எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அப்போது வேறு மாதிரி பதில் சொல்வேன்.