ரோல்ட் டாலின் துயரங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐயா, சிறுவர் கதைகள் எழுதிய ரோல்ட் டாலின் மகள் எவ்வாறு இறந்தார்? (உவர்மலை)

சின்னமுத்து நோயால், 1962இல். மூத்த மகள் ஒலிவியாவுக்கு அப்போது ஏழு வயது. பிள்ளை தேறிவருவதாகவே வீட்டார் நம்பியிருந்தனர். வண்ணக் கம்பிகளை வளைத்து விலங்குகள் செய்ய அவளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான், அவளுடைய விரல்கள் மனம் ஏவியபடி இயங்காததைத் தந்தை கண்டார். நித்திரை வருவதாகச் சொன்னவள் ஒரு மணித்தியாலத்தில் நினைவிழந்தாள். பன்னிரண்டு மணித்தியாலத்தில் இறந்துபோனாள். நோய் மூளையைத் தாக்கியிருந்தது. டாலின் அக்காவும் 1920இல் ஏழு வயதிலேயே இறந்தார். அடுத்த சில வாரங்களில் தந்தையும் மறைந்தபோது டாலுக்கு மூன்று வயது.

இத்துயரங்கள்தாம் அவரை எழுத்தாளராக்கினவா? (தம்பலகாமம்)

இல்லை. சிறுவர் இலக்கியத்தில் அவருக்குப் பெயர் தேடித்தந்த ‘ஜேம்ஸ் அண்ட் த ஜயன்ட் பீச்’ என்ற பீச் பழக் கதை, மகள் இறப்பதற்கு முன்பு, 1961இலேயே வெளிவந்துவிட்டது. ஆண்டுகளைப் பார்க்காமல் துயரத்தையும் படைப்பையும் முடிச்சுப் போடாதீர்கள்.

திருகோணமலை மீதான 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலின்போது அவர் இங்கிருந்து பறந்தாரா? (சீனக்குடா)

இல்லை. பிரித்தானிய விமானப்படை விமானியாக 1941இல் கிரேக்கத்தில் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டியவர், அவ்வாண்டிலேயே கடும் தலைவலியால் பறக்கும் தகுதியை இழந்தார்.

அவருடைய விமானம் சுடப்பட்டதென்கிறேன் நான்; நண்பர் மறுக்கிறார். (மூதூர்)

நண்பர் சொல்வதே சரி. 1940 செப்டெம்பரில், சேரவேண்டிய தளத்தின் இடம் பிழையாகக் கொடுக்கப்பட்டதால், எரிபொருள் குறைந்து இருள் சூழும் வேளையில் பாலைவனத்தில் தரையிறங்க முயன்றபோதே விமானம் நொறுங்கியது. மண்டையோடு உடைந்து, பல வாரங்கள் பார்வையிழந்து கிடந்தார். சுடப்பட்டதாகச் சொல்லும் தலைப்புடன் 1942இல் வெளியான அவருடைய சஞ்சிகைக் கட்டுரையே உங்கள் குழப்பத்துக்குக் காரணம். உண்மையைப் பின்னர் அவரே எழுதினார்.

மகனுக்கு நேர்ந்த விபத்து? (நிலாவெளி)

நான் மிகவும் மதிக்கும் டாலை இங்கேதான் காண்கிறேன். 1960இல் நியூயோர்க்கில் நான்கு மாதக் குழந்தை தியோவின் தள்ளுவண்டியை டாக்சி மோதியது. மூளையில் சேர்ந்த நீரை வெளியேற்றப் பொருத்திய குழாயின் வால்வு அடிக்கடி அடைத்துக்கொள்ள, ஒவ்வொரு முறையும் குழந்தையின் உயிர் ஊசலாடியது. டால், மாதிரி விமானங்களுக்கு நுண்ணிய பம்புகள் செய்த ஸ்டான்லி வேட் என்ற பொறியியலாளரையும், கென்னத் டில் என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரையும் ஒன்றுசேர்த்தார். மூவரும் எளிதில் அடைபடாத வால்வை உருவாக்கினர். அது ஆயத்தமானபோது தியோவுக்குத் தேவைப்படவில்லை. ஏனைய பிள்ளைகள் ஏராளமானோருக்குப் பயன்பட்டது. மூவரும் இலாபம் பெறவில்லை.

துன்பமில்லாமல் இவ்வளவு எழுதியிருப்பாரா? (அன்புவழிபுரம்)

தம்பலகாமம் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். ஆண்டுகளைப் பாருங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி ஒன்று போட்டாயிற்று, இரண்டாவதும் தேவையா? (கிண்ணியா)

தேவை, சகோதரி. ஒலிவியா இறந்தபோது இந்தத் தடுப்பூசி பாவனைக்கு வந்திருக்கவில்லை. அமெரிக்காவில் 1963இல்தான் அனுமதி கிடைத்தது. அதனாலேயே 1980களில், பிள்ளைகளுக்கு ஊசி போடும்படி பெற்றோரை மன்றாடி டால் கடிதம் எழுதினார். நம் இலங்கையில் ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் இலவசமாகப் போடுகிறார்கள். திகதி தவறியிருந்தால், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டுடன் குடும்பநல மாதுவை இவ்வாரமே சந்தியுங்கள்.