அம்மம்மாவோடு என்ன கதைக்கிறது?

இந்த முறை ஐந்து கடிதங்களுக்குப் பதில். ஐந்தும் இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து வேலைக்காக ஆசிய நாடுகளுக்குப் போய், அங்கே பிள்ளை வளர்க்கிறவர்கள் எழுதியவை. முதல் கடிதத்துக்கு அதிக இடம் எடுத்துவிட்டேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்கா, எங்கள் ஊர் முள்ளியவளை. ஆறு வருடமாகக் கோலாலம்பூரில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. வீட்டில் தமிழில்தான் கதைக்கிறோம், அவனுக்கு எல்லாம் விளங்குது, ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு போனுக்கு முன்னால் காத்திருக்கிறா. இவன் 'ஹாய் அம்மம்மா' என்றுவிட்டு ஓடிவிடுவான். பிறகு அம்மா அழுகிறா என்று தங்கச்சி சொல்கிறாள். என்ன செய்வது?

பதில்: பிள்ளைக்குத் தமிழ் போய்விடவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். விளங்குகிறது என்றால் மொழி உள்ளே இருக்கிறது, அது வாயால் வருவதற்கு இன்னும் ஒரு தேவை வரவில்லை. உங்களுக்கும் கணவருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், பிறகு ஏன் கஷ்டப்பட்டுத் தமிழில் சொல்வான்? ஆங்கிலம் தெரியாத ஒருவர் வேண்டும், அவரிடம் இவனுக்கு ஆசையான ஏதோ ஒன்றும் இருக்க வேண்டும். ஆள் இருக்கிறார், உங்கள் அம்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் என்ன கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டியா, வடிவாய்ப் படிக்கிறியா, அம்மம்மாவை நினைக்கிறியா. மூன்றுக்கும் ஓம் என்று தலையாட்டினால் போதும், கதை முடிந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பாசமாகத் தெரியாது, சோதனையாகத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியின் பேரனும் இப்படித்தான் இருந்தான், அவனும் கடல் கடந்த பிள்ளை. ஒருநாள் போன் வந்தபோது ஆச்சி கோழி அடைக்கு வைத்துக்கொண்டிருந்தா, கையெல்லாம் வைக்கோல், பேத்தி ஒருத்திதான் போனைக் கூடைக்கு நேரே பிடித்தாள். பதினொரு முட்டை. ஒவ்வொன்றாக ஆச்சி எண்ணி வைப்பதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். 21 நாளில் குஞ்சு வரும் என்று ஆச்சி சொல்ல, அந்த 21 நாளும் அவனே அம்மாவிடம் போனைப் பிடுங்கி எடுத்தானாம். 'ஆச்சி, குஞ்சு வந்ததா?' என்று முதல் நாள். பிறகு 'கோழி சாப்பிட்டதா, ஏன் இறங்கவில்லை, முட்டை சூடா?' என்று நீண்டது. எட்டுக் குஞ்சு பொரித்தது, மூன்று கூழ்முட்டை. கூழ்முட்டை என்ற சொல்லை அவனுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் பொரிக்காத மூன்றுக்காகவும் அழுதபிள்ளை இனி அதை மறக்கமாட்டான்.

கோலாலம்பூரில் இரவு ஏழு மணி என்றால் முள்ளியவளையில் பின்னேரம் நாலரை. அந்த நேரம் உங்கள் அம்மா சும்மா இருக்கமாட்டா, முற்றம் கூட்டுவா, கத்தரிக்குத் தண்ணீர் விடுவா, மாட்டைக் கட்டுவா. சேலை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வேலைகளுக்கு நடுவில் போன் வரட்டும், தங்கச்சி பிடிக்கட்டும், ஐந்து நிமிடம் போதும், ஆனால் கிழமையில் மூன்று நாலு நாள். மகனுக்கும் அதில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள், இன்றைக்கு எத்தனை முட்டை என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வைக்கிற வேலையாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, போனுக்குப் பின்னால் நின்று 'தமிழில் சொல்லு, தமிழில் சொல்லு' என்று முதுகில் இடிக்காதீர்கள். அவன் ஆங்கிலத்தில் சொன்னால் அதையே நீங்கள் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்ந்தால் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், அதனால் பேச்சுப் பிந்துவதில்லை.

கேள்வி: நாங்கள் பாண்டியன்குளம், இப்போது சிங்கப்பூர். மகள் நாலாம் வகுப்பில் தமிழும் படிக்கிறாள். 'குசினியில் கதிரையில் இருந்து அம்மம்மாவோடு கதைத்தேன்' என்று கட்டுரையில் எழுதினாள். ஆசிரியர் நாலு சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். 'அம்மா, எங்கட தமிழ் பிழையா?' என்று கேட்டு அழுகிறாள்.

பதில்: பிழை இல்லை. இதை மகளை மடியில் வைத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தக் கேள்வியை அவள் மொழியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை, உங்களையும் அம்மம்மாவையும் சேர்த்துத்தான் கேட்கிறாள்.

கதிரை, குசினி, சப்பாத்து, யன்னல், அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் காலத்தில் எங்கள் வாய்க்கு வந்து நிலைத்த சொற்கள். 'கதைத்தேன்' என்றால் எங்களுக்குப் பேசினேன், அந்த ஆசிரியருக்கு அது கதை சொன்னதுபோலக் கேட்டிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது 'இருந்து' என்ற சொல்தான். நாங்கள் கதிரையில் இருப்போம், தமிழ்நாட்டுப் பழக்கத்தில் நாற்காலியில் உட்காருவார்கள். ஆகவே மகளின் வசனத்தைப் படித்தவருக்கு, அவள் கதிரையிலிருந்து எங்கேயோ புறப்பட்டதாகத் தோன்றியிருக்கும்! ஆசிரியரில் கோபப்பட ஒன்றுமில்லை, நேரில் போய் இது எங்கள் ஊர் வழக்கு என்று அமைதியாகச் சொல்லுங்கள். பரீட்சைக்குச் சமையலறை, நாற்காலி, உட்கார்ந்து, பேசினேன் என்று எழுதட்டும். வீட்டில் கதிரை கதிரையாகவே இருக்கட்டும். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் தெரிந்த பிள்ளை அவள்.

கேள்வி: கட்டாரில் வேலை செய்கிறேன், ஊர் பரந்தன். மகளுக்கு 13 வயது, இங்கே இந்தியப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு. ஊரில் என் அம்மாவிடம் விட்டு, தமிழ் மொழிமூலம் பதினொராம் தரத்தில் வருகிற சாதாரண தரப் பரீட்சை எழுத வைக்கலாமா? செலவும் குறையும், பண்பாடும் வரும் என்று அம்மாவும் மனைவியும் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, தனியே விடாதீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். நாங்கள் மஸ்கட்டில் இருந்தபோது மூத்தவனை 12 வயதில் என் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டேன். அம்மா குறை வைக்கவில்லை, அவனும் நன்றாகத்தான் படித்தான். ஆனால் போனில் எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கிறன் அம்மா' என்ற ஒரே பதில். ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறான், அது எனக்கு ஒரு மாதம் கழித்து அயலவர் சொல்லித்தான் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, 'நீங்கள் வர ஏலாது தானே' என்றான். அந்த வசனம் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. இரண்டு வருடத்தில் நான் திரும்பி வந்துவிட்டேன், அவன் பழையபடி என்னோடு கதைக்க அதைவிடக் கூடிய காலம் எடுத்தது.

படிப்பையும் பாருங்கள். இதுவரை உள்ள முறைப்படி சாதாரண தரத்துக்குச் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். பத்தாம், பதினொராம் தரங்களின் பாடம்தான் பரீட்சைக்கு வரும். இவ்வளவு நாளும் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை ஒளித்தொகுப்பு, உராய்வு என்று எல்லாச் சொல்லையும் புதிதாகப் பிடிக்க வேண்டும், இலங்கை வரலாற்றை அடியிலிருந்து தொடங்க வேண்டும். பத்தாம் தரத்தில் கொண்டுவந்து இறக்கினால் பிள்ளை தத்தளிக்கும். வருவதென்றால் ஒன்பதாம் தரத்துக்கு முன் வர வேண்டும், தாயும் கூட வர வேண்டும். அது முடியாதென்றால் அங்கேயே படிப்பை முடிக்கட்டும். அப்புறம், மகளிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அம்மா சொன்னது இருக்கிறது, மனைவி சொன்னது இருக்கிறது, மகள் சொன்னது ஒரு வரியும் இல்லை.

கேள்வி: துபாயில் குழந்தை பிறந்து எட்டு மாதம். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு என்ன செய்ய வேண்டும்? கணவர் வேறு நாட்டவர்.

பதில்: 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் பிரஜாவுரிமை உண்டு, ஆகவே கணவரைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவது நல்லது, பிந்தினால் தண்டப்பணமும் அலைச்சலும் கூடும். உங்களுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது, இந்தக் கிழமையே துணைத்தூதரகத்தில் விசாரியுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் ஊரில் யாரையாவது பிரதேச செயலகத்துக்கு அனுப்பிப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கேதான் நிறையப் பேர் மாட்டுப்படுகிறார்கள்.

கேள்வி: பாங்கொக்கில் இருந்து ஜூன் கடைசியில் ஒட்டுசுட்டானுக்கு முதல்முறை பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம். வயது ஒன்பது, ஐந்து. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: நல்ல காலத்தில் வருகிறீர்கள். மழை இல்லை, சோளகக் காற்று வீசும், வெயில் மட்டும் கொளுத்தும், பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளைகளை நிழலில் வையுங்கள்.

கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. போர் 2009இல் முடிந்தது, பெரும்பகுதி நிலம் துப்புரவாகிவிட்டது, ஆனாலும் மிதிவெடி அகற்றும் வேலை நடக்கிற இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு. சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கமே போகக்கூடாது. பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்கக்கூடாது. மண்ணில் கிடக்கிற இரும்புத் துண்டு எதையும் தொடக்கூடாது, எடுத்துக் காட்டவும் கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள், வந்திறங்கிய சந்தோஷத்தில் காதில் ஏறாது. குளத்தில் குளிப்பதும் ஊர்க்காரர் குளிக்கிற துறையில், அவர்களோடு மட்டும். முதலை இருக்கிற குளங்கள் உண்டு.

மற்றபடி பயம் வேண்டாம், விட்டுவிடுங்கள், புழுதியில் புரளட்டும். அது பாலைப்பழக் காலம், மாமாமார் யாராவது காட்டிலிருந்து கொண்டுவந்து தருவார்கள். அந்தப் பழத்தின் பால் உதட்டில் பசைபோல ஒட்டிக்கொள்ளும், சின்னவன் பயந்துவிடுவான். இழுத்து உரிக்காமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிடுங்கள், போய்விடும்.