பம்பரில் அடித்த பெயிண்ட் ஏன் தோலாக உரிகிறது?

கேள்வி: என் கார் பத்து வருடப் பழசு. முன் பம்பரின் கீழ்ப்பகுதி கறுப்பு பிளாஸ்டிக், வெயிலில் வெளுத்துவிட்டது. வாட்டர் பேப்பரால் தேய்த்து, தின்னரால் துடைத்து, ஸ்ப்ரே கேன் வாங்கி சாட்டின் கறுப்பு அடித்தேன். அன்றே மிச்சத்தை சைடு மிரர் மூடிகளுக்கும் அடித்தேன். இரண்டு மாதம் கழித்து வாட்டர் சர்வீஸுக்கு விட்டபோது பம்பரில் அடித்தது பட்டை பட்டையாகக் கழன்று வந்துவிட்டது. மிரர் அப்படியே இருக்கிறது. இந்தத் தடவை எந்த பெயிண்ட் வாங்கினால் நிற்கும்?

பதில்: பெயிண்டில் குறை இருந்திருந்தால் மிரரிலும் உரிந்திருக்க வேண்டும். ஒரே கேன், ஒரே கை, ஒரே நாள். மாறியது பிளாஸ்டிக் மட்டும்தான். அதனால் விலை கூடின பெயிண்டைத் தேடிப் போகாதீர்கள், அதுவும் இதேபோலத்தான் உரியும்.

மிரர் மூடிகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் வருகின்றன. பெயிண்டில் உள்ள கரைப்பான் அதன் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கிவிடும், பெயிண்ட் அதில் கடித்துக்கொண்டு காயும். பம்பர் கதை வேறு. இன்றைய கார் பம்பர்களில் மிகப் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீனோடு ரப்பர் தன்மையுள்ள பொருளைக் கலந்து வார்த்தவை. உடைந்த பிளாஸ்டிக் வாளியைப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் குணம் தெரியும், சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி, மேலே விழும் திரவம் பரவி ஒட்டாமல் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும். கார் தொழிற்சாலையிலேயே பம்பரை அப்படியே பெயிண்ட் செய்வதில்லை. பல இடங்களில் காஸ் தீச்சுவாலையை மேலோட்டமாக ஓட்டி மேற்பரப்பின் தன்மையை மாற்றுகிறார்கள், இல்லையென்றால் அதற்கென்று உள்ள பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்கிறார்கள். (சிலர் வீட்டில் காஸ் டார்ச்சை வைத்து அதைச் செய்யப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், பம்பர் கோணிக்கொள்ளும், தீப்பிடிக்கவும் கூடும்.)

ஆகவே முதல் வேலை, கையில் இருப்பது எந்த பிளாஸ்டிக் என்று பார்ப்பது. பாகத்தைக் கழற்றித் திருப்பினால் உள்பக்கம் சின்ன எழுத்தில் வார்த்திருப்பார்கள். பி.பி. (பாலிபுரொப்பிலீன்) அல்லது டி.பி.ஓ. (அதில் ரப்பர் தன்மையுள்ள பொருள் கலந்தது) என்ற எழுத்துகள் இருந்தால் அது ஒட்டாத ரகம். ஏ.பி.எஸ்., பி.சி. (பாலிகார்பனேட்) என்றிருந்தால் சுலபம். குறி அழிந்துபோயிருந்தால் பின்பக்கத்திலிருந்து நகக்கண் அளவு சீவித் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் பாலிபுரொப்பிலீன் குடும்பம் என்று நம்பலாம். மூழ்கினால் மட்டும் அவசரப்பட்டு ஏ.பி.எஸ். என்று முடிவு கட்டாதீர்கள், டால்க் என்ற கனிமத் தூள் அதிகம் கலந்த பம்பர் பிளாஸ்டிக்கும் மூழ்கும். சந்தேகமாக இருந்தால் ஒட்டாத ரகம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இப்போது பழைய பெயிண்ட். ஓரிடத்தில் உரிந்தது என்றால் மீதியும் பிடிப்பில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறது. நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுத்து, வருவதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் சுரண்டியும் உதவும். இரும்புக்குப் போடும் பெயிண்ட் ரிமூவர் இங்கே கூடாது.

அடுத்தது கழுவுவது. வேலை கெடுவதும் நிற்பதும் இங்கேதான், அவசரப்படும் எல்லோரும் சறுக்குவதும் இங்கேதான். பத்து வருடப் பழைய கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு சர்வீஸிலும் பளபளப்புக்காக எதையோ தடவியிருப்பார்கள், அதில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும், அது பிளாஸ்டிக்கின் நுண்துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். கழுவாமல் முதலில் உப்புத்தாள் போட்டால் அந்த எண்ணெயை நீங்களே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். உங்கள் விஷயத்திலும் தேய்த்த பிறகுதான் துடைத்திருக்கிறீர்கள். வரிசையை மாற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், பிரஷ், மூலை முடுக்கெல்லாம் தேய்த்து அலசுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு இன்னொரு தடவை கழுவுங்கள். சூட்டில் உள்ளே இருக்கும் எண்ணெய் வியர்த்து மேலே வரும், கைவைத்தால் பிசுபிசுப்பே தெரியும் சில வண்டிகளில். புதிதாக வாங்கிய பெயிண்ட் அடிக்காத பம்பருக்கும் இதே கவனிப்பு வேண்டும், அச்சிலிருந்து கழன்று வரத் தடவிய பொருள் அதன் மேல் மிச்சம் இருக்கலாம்.

காய்ந்த பிறகு, பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர், இல்லையென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இரண்டு துணி வேண்டும். ஒன்றால் நனைத்துத் துடைக்க வேண்டும், அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும். தின்னர், பெட்ரோல் இரண்டையும் கிட்டே கொண்டுவராதீர்கள். ஏ.பி.எஸ்.ஸைத் தின்னர் கரைத்து வெடிப்பு விட வைக்கும். பம்பர் பிளாஸ்டிக் கரையாது, ஆனால் உள்ளே உறிஞ்சிக்கொண்டு பெயிண்ட் அடித்தபிறகு மெதுவாக வெளியே விடும், மேலே இருக்கும் படலத்தைத் தூக்கிக்கொண்டு.

இப்போதுதான் தேய்ப்பது. பம்பர் பிளாஸ்டிக்கைக் கரடான தாளால் தேய்த்தால் பஞ்சு மாதிரி நார் எழும்பும், அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் சொரசொரப்பாகத்தான் தெரியும். அதனால் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டைச் சோப்புத் தண்ணீரோடு பயன்படுத்துங்கள். பழைய பெயிண்ட் உறுதியாக நிற்கும் ஓரங்களை மட்டும் 400, அப்புறம் 600 வாட்டர் பேப்பரால் படியில்லாமல் இறக்குங்கள். பளபளப்பு ஒரு பொட்டுகூட மிஞ்சாமல் எல்லா இடமும் மங்கலாக வேண்டும். மறுபடி அலசி, காயவைத்து, அதே இரண்டு துணி வேலை. இதற்குப் பிறகு வெறும் விரலால் தொடக்கூடாது. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், பிளாஸ்டிக்கில் ஸ்டாட்டிக் ஏறித் தெருப்புழுதியையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் உங்கள் வேலையில் விட்டுப்போன அந்த ஒரு பொருள்: அட்ஹீஷன் புரமோட்டர். நிறமில்லாமல் இருக்கும், அதில் பெரும்பாலும் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் பிசின் கலந்திருக்கும், ஒரு பக்கம் பாலிபுரொப்பிலீனோடும் மறுபக்கம் பெயிண்டோடும் ஒட்டுகிற பாலம் அது. 'பிளாஸ்டிக் பிரைமர்' என்று எழுதியிருக்கும் எல்லா கேனும் இந்த வேலையைச் செய்யாது, பாலிபுரொப்பிலீனுக்கு ஏற்றது என்று லேபிளில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடமெல்லாம் நேரடியாக அதன் மேல்தான் அடிக்க வேண்டும், பிரைமருக்கு மேலே அடித்துப் பயனில்லை. மெல்லிசாக ஒன்று, அதிகம் போனால் இரண்டு கோட். கெட்டியாக அடித்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் தடித்த படலம் உள்ளுக்குள்ளேயே பலவீனமாகி அங்கிருந்தே கழலும். அதைத் தேய்க்கவும் கூடாது. எத்தனை நிமிடத்துக்குள் அடுத்த கோட் போக வேண்டும் என்பது கேனுக்குக் கேன் மாறும், லேபிளில் இருக்கும், அதை மீறாதீர்கள். மிரர் மாதிரி ஏ.பி.எஸ். பாகத்துக்கு இது தேவையில்லை.

அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20, 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி, மெல்லிய மூன்று கோட், நடுவே பத்து நிமிட இடைவெளி. மத்தியான வெயிலில் பெயிண்ட் பாகத்தைத் தொடுவதற்குள்ளேயே காய்ந்து தூளாக விழும், மழை ஈரத்தில் வெள்ளை பூக்கும், காலை ஒன்பது பத்து மணி வாக்கில் நிழலில் வைத்து அடிப்பதுதான் எனக்குப் பிடித்த நேரம். சாட்டின் கறுப்புக்கு மேலே பளபளக்கும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) வேண்டாம், அந்த மங்கல் அழகே போய்விடும். பாடி கலர் அடிப்பதாக இருந்தால் கிளியர் கட்டாயம். ஹார்டனர் கலந்த இரண்டு பாக கிளியர் வாங்கினால் அதில் ஐசோசயனேட் என்ற ஆபத்தான ரசாயனம் இருக்கும், வீட்டுக்குள் வைத்து, துணி மாஸ்க் கட்டிக்கொண்டு அடிக்கும் சமாசாரம் இல்லை அது. நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும், பெயிண்டரிடமே கொடுத்துவிடுங்கள். பார்க்கிங் சென்சார் இருந்தால் கழற்றிவிட்டோ டேப் ஒட்டி மறைத்தோ அடியுங்கள்.

வண்டிக்கு மாட்டுவதற்கு முன்னால், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சோதனை. இரண்டு நாள் காய்ந்த பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் மேலே சொன்னதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் கழுவியதில்தான். வராவிட்டால் மாட்டிக்கொள்ளலாம். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், ஒரு மாதம் வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், அதற்குப் பிறகும் அந்தக் கன்னை பம்பர் ஓரத்தில் கிட்டே பிடிக்க விடாதீர்கள்.

மிரரைத் தொடாதீர்கள், அது நன்றாகவே இருக்கிறது.