பாரிஸ் கார்னியே ஒப்பேரா: கேள்வி பதில்

கே: பாரிசில் ஏற்கெனவே ஒப்பேரா என்ற இசை நாடக அரங்கு இருந்ததே, இத்தனை செலவில் இன்னொன்று எதற்கு?

ப: உயிர்ப் பயம்தான். 1858 ஜனவரி 14 இரவு, லெ பெலெத்தியே தெரு ஒப்பேராவுக்கு பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வந்து இறங்கும் நேரம், இத்தாலியப் புரட்சியாளர் ஒர்சீனியின் ஆட்கள் குண்டு வீசினார்கள். பேரரசர் தப்பினார், சுற்றி நின்றவர்கள் செத்தார்கள். அந்தக் குறுகிய தெரு இனி வேண்டாம் என்று முடிவானது. புதுக் கட்டடத்துக்கு வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள், 171 திட்டங்கள் வந்தன. 1861-இல் ஜெயித்தவர் 35 வயதுக் கட்டடக் கலைஞர் ஷார்ல் கார்னியே. கட்டடத்தின் மேற்குப் பக்கம் பாருங்கள், வளைந்து ஏறும் சாய்தளம் இருக்கும். பேரரசரின் வண்டி தெருவில் நிற்காமல் நேரே உள்ளே போக அந்த ஏற்பாடு. 1870-இல் ஆட்சி போனது. 1873 ஜனவரியில் ஆளும் போனார். திறப்பு விழா 1875 ஜனவரி 5. அவர் வண்டி அதில் ஏறவே இல்லை.

கே: அடியில் ஏரி இருக்கிறதாமே?

ப: ஏரி இல்லை, தொட்டி. அஸ்திவாரம் தோண்டத் தோண்ட நிலத்தடி நீர் ஊறியது. மாதக்கணக்கில் நீராவிப் பம்பு வைத்து இறைத்தார்கள். அப்புறம் இரட்டைச் சுவர் எழுப்பி, மேடைக்கு அடியில் தொட்டி கட்டி, அதில் தண்ணீரை நிரப்பினார்கள். கீழிருந்து தள்ளும் நீருக்கு மேலிருந்து எதிர் பாரம். தீயணைப்பு வீரர்கள் இருட்டில் நீந்திப் பழக அங்கே இறங்குவார்கள்.

கே: அந்த ஏரியில் படகு போகுமா?

ப: தொட்டி. முந்தின பதிலைப் படியுங்கள்.

கே: பஸ்தீல் ஒப்பேராவில் டிக்கெட் எவ்வளவு?

ப: அது 1989-இல் வந்தது, என் பேட்டை இல்லை. கவுண்டரில் கேளுங்கள்.

கே: சரவிளக்கு விழுந்தது நிஜமா?

ப: விழுந்தது விளக்கு இல்லை, அதன் எதிர் எடை. 1896 மே 20; ஒரு பெண் இறந்தார். விளக்கையே விழவைத்தது பிறகு வந்த பேய் நாவல், லெரூவின் 'ஒப்பேராவின் பேய்'. நாவலை வரலாறாகப் படிக்காதீர்கள்.

கே: அரங்கின் கூரையில் ஓவியர் ஷகால் வரைந்த விதானம் பொருந்துகிறதா?

ப: எனக்கு உறுத்தல்தான். சிவப்பு வெல்வெட், தங்க முலாம், நடுவில் நீலமும் பச்சையும்.

கே: அநியாயம்! 1869-இல் இந்தக் கட்டடத்தின் முகப்பில் சிற்பி கார்ப்போ வைத்த நடனச் சிற்பத்தில் மை வீசியவர்கள் பக்கமா நீங்கள்?

ப: சரி, அடி பலம்தான். ஆனால் கார்ப்போ, கார்னியே அழைத்து வந்தவர். ஷகாலை அழைத்தவர் பண்பாட்டு அமைச்சர் மால்ரோ. 1964-இல் அந்த விதானம் வந்தபோது கார்னியே இறந்து 66 வருஷம். வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி. முதலில் விதானத்தை வரைந்த லெனப்வூவின் பழைய ஓவியம் அதன் அடியில் பத்திரமாக இருக்கிறது, அதுவரை ஆறுதல்.

கே: ஏரியைப் பார்க்க விடுவார்களா?

ப: தொட்டியை. விடமாட்டார்கள்.