சந்தோசத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

கேள்வி: காணி அலுவலாக ஓர் அலுவலகத்துக்கு மூன்று மாதம் அலைந்தேன். "சந்தோசமாக ஏதாவது பாருங்கள், அண்ணை" என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். 5,000 ரூபாயும் ஒரு பாரை மீனும் கொடுத்தேன். அடுத்த கிழமையே கடிதம் வந்துவிட்டது. கொழும்பில் படிக்கும் மகன் இதை 'பிரைப்' என்கிறான். இது டிப்ஸ்தானே?

- ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: மகன் சொன்னதுதான் சரி. கடையில் சாப்பிட்டுக் காசு கட்டியபின் பரிமாறியவருக்கு 100 ரூபாய் வைத்துவிட்டு வருகிறீர்களே, அது டிப்ஸ். அதனால் பக்கத்து மேசைக்காரருக்குப் புட்டு பிந்துவதில்லை. உங்கள் 5,000 ரூபாயோ, மூதூரிலிருந்து படகேறி வந்து வரிசையில் நின்ற யாரோ ஒருவருடைய கோப்பைக் கீழே தள்ளியிருக்கிறது.

"கொடுத்தது வெறும் சந்தோசம்" என்று ஒதுங்கவும் வழியில்லை. 1954இல் இலங்கையில் வந்த இலஞ்சச் சட்டத்தின் ஆங்கில வாசகம், பணம், பரிசு, கடன், தரகு எல்லாவற்றையும் 'கிராட்டிபிகேஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்கியது. சந்தோசப்படுத்துவது என்பதே அதன் பொருள்! வெட்கத்தை மூட நாம் எடுத்த போர்வை, ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் விரித்துக் கிடக்கிறது. பாரையும் அதற்குள் அடக்கம்.

'பிரைப்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. பழைய பிரெஞ்சு மொழியில் அது பிச்சைக்காரருக்குப் போடும் பாண் துண்டு. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் திருடுவதையும் பறிப்பதையும் குறித்தது. இன்றைய பொருள் அதற்குப் பிறகு வந்ததுதான். உங்கள் எழுதுவினைஞர் இதில் எந்தக் கட்டத்து ஆள் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 'கரப்ஷன்' இதைவிட அகலமான சொல். காசே கைமாறாமல் மருமகனுக்கு வேலை போட்டுக்கொடுப்பதும் அதில் சேரும். பழைய ஆங்கில வேதாகமத்தில் அது உடல் அழிந்துபோவதைக் குறிக்கும். நம் 'ஊழல்' என்ற சொல்லுக்கும் அழுகல் என்ற பொருள் அகராதியில் இருக்கிறது. உங்கள் பாரை அந்த மேசைக்கடியில் இரண்டு நாள் கிடந்திருந்தால், அலுவலகம் முழுவதற்கும் அகராதி இல்லாமலே விளங்கியிருக்கும்.

இலஞ்சம் கொடுப்பவரும் சட்டத்தின்முன் குற்றவாளிதான். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கமும் 1954தான். அடுத்த முறை யாராவது சந்தோசம் கேட்டால், மீன் வாங்கப் போகுமுன் அழையுங்கள். கொடுத்துவிட்டு அழைத்தால் உங்கள் பெயரையும் எழுதிக்கொள்வார்கள்.