பழைய லென்ஸ், புது கேமரா: வாசகர் கேள்வி–பதில்

கே: பீரோவில் கிடந்த ஜெனித் ஃபிலிம் கேமராவின் ஹீலியோஸ் 44எம்-4 லென்ஸை (58 மி.மீ., எஃப்/2) அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டு நிக்கான் டி5600-ல் மாட்டினேன். கிட்டே இருப்பது பளிச்சென்று வருகிறது. தெருக்கோடி கலங்கலாகவே இருக்கிறது. லென்ஸ் போய்விட்டதா?

ப: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. இடிப்பது தூரக் கணக்கு. உங்களுடையது எம்42 எனும் திருகு மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்ட லென்ஸ், ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்காரும்படி செய்யப்பட்டது. நிக்கான் எஃப் மவுன்ட்டில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. அடாப்டர் எவ்வளவு மெலிதானாலும் லென்ஸ் 1 மி.மீ.க்கு மேல் முன்னால் வந்துவிடும். ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) வரை திருப்பினாலும் ஃபோகஸ் சுமார் 3 மீட்டரைத் தாண்டாது. உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டரில் தூரக் காட்சியும் தெளிவாகக் கிடைக்கும். ஆனால் மலிவான கண்ணாடி படத்தின் கூர்மையைத் தின்றுவிடும். எங்களைக் கேட்டால் அந்தக் காசு வீண். பூ, முகம் எடுக்க இப்போது இருப்பதே போதும். டி5600-ல் இந்த லென்ஸுக்கு ஒளி அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. எம் (மேனுவல்) மோடில் வைத்து ஒரு படம் எடுங்கள், ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்து ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். தூரக் காட்சிக்கு மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராதான் வழி. சோனி இ மவுன்ட்டுக்கு 18 மி.மீ., நிக்கான் இசட்டுக்கு 16 மி.மீ.தான், மீதித் தூரத்தை வெறும் உலோகக் குழாயே நிரப்பிவிடும்.

கே: அதே லென்ஸ், சோனி ஏ6400. ஷட்டர் விழவில்லை. அப்பர்ச்சர் (ஒளித் துளை) வளையத்தைத் திருகினாலும் உள்ளே இதழ்கள் மூடவில்லை.

ப: கேமராவுக்கு லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியாது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் விழ அனுமதிக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். இதழ் விஷயம் வேறு. லென்ஸின் பின்புறம் ஒரு சின்ன ஊசி துருத்திக்கொண்டிருக்கும். வளையத்தை எஃப்/16-ல் வைத்து அதை விரலால் அழுத்துங்கள். இதழ்கள் சட்டென்று மூடினால், உள்விளிம்பு உள்ள அடாப்டராக மாற்றினால் போதும். அந்த விளிம்பு ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும். சோம்பலாக மூடினால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது. மெக்கானிக் பிரித்துத் துடைக்க வேண்டும்.

ஃபோகஸை எஃப்/2-ல், திரையைப் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள். பிறகு அப்பர்ச்சரை வேண்டிய அளவுக்குச் சுருக்குங்கள். எஃப்/8-ல் பீக்கிங் கோடு (ஃபோகஸான விளிம்புகளைத் திரையில் நிறத்தில் காட்டுவது) பாதிப் படத்தில் மின்னும், அதை நம்ப முடியாது.

கே: பழைய லென்ஸ் வாங்கும்போது பூஞ்சையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல வெள்ளையாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் லேசாக இருந்தால் விலை பேசலாம். கண்ணாடி மேல் உள்ள கோட்டிங்கை (மெல்லிய பூச்சை) அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது, விட்டுவிடுங்கள். வாங்கியதைத் தோல் உறையில் வைக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40–50 சதவீதத்துக்குள் வையுங்கள்.